முதல் சாக்ஸபோன்: காசு கொடுப்பதற்கு முன்

நமது கழகத்தின் கலை இரவு முடிந்து, மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுருட்டிக் கொண்டிருந்த நேரத்தில், முதலாமாண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னருகில் வந்தார். "அண்ணா, எனக்கும் சாக்ஸபோன் கத்துக்கணும்னு ஆசை. இணையத்துல முந்நூறு வெள்ளிக்கு ஒண்ணு பார்த்தேன். பெட்டி, வெள்ளைக் கையுறை, துடைக்கிற துணி எல்லாம் சேர்த்தே தராங்க. வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால், ஏன் வேண்டாம் என்பதை அந்த இரைச்சலில் நின்றபடி விளக்க முடியவில்லை. "ஆண்டிதழுக்கு எழுதித் தருகிறேன், படித்துக் கொள்ளுங்கள்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றவே இக்கட்டுரை. மற்றவர்களுக்கும் பயன்பட்டால் மகிழ்ச்சி.

எனக்கு இதில் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். அந்த முந்நூறு வெள்ளி சாக்ஸபோனை நான் ஒருமுறை வாங்கியிருக்கிறேன் என்பதுதான் என் தகுதி. தேசிய சேவை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்களில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அது. தங்க நிறத்தில் பளபளவென்று வந்து இறங்கியது. அம்மா அதைச் சாமி அறையில் வைத்துப் பொட்டு வைத்தார். மேல் சுரங்கள் ஓரளவு வந்தன. கீழே இறங்க இறங்கத்தான் வினை. ஒன்று கரகரப்பு, இல்லாவிட்டால் ஒரு ஸ்தாயி மேலே தாவிக் குதிக்கும். மூச்சு போதவில்லை என்று நினைத்துக் காலையில் ஓடினேன். உதடு தடிமன் என்று நினைத்துக் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை மடித்து மடித்துப் பார்த்தேன். "நம்ம பரம்பரையிலேயே யாருக்கும் சங்கீதம் கிடையாதுய்யா" என்று அப்பா ஆறுதல் சொன்னார். நான்கு மாதத்தில் அதை நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஐந்தாம் மாதம், இராணுவ வாத்தியக் குழுவில் வாசித்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் பாடம் கேட்கப் போனேன். அவர் என் வாசிப்பை ஒரு நிமிடம் கேட்டார். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறு விளக்குகள் கோத்த கம்பி ஒன்றைக் கருவியின் குழாய்க்குள் மெல்ல இறக்கினார். மூடியிருக்க வேண்டிய மூடிகளின் ஓரங்களிலெல்லாம், ஓட்டை விழுந்த அட்டாப்புக் கூரையில் வெயில் ஒழுகுவதைப்போல் வெளிச்சம் ஒழுகியது. ஏழு இடங்கள் எண்ணினேன். பிறகு அவரே அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். அவருக்கும் கீழ்ச் சுரம் வரவில்லை. "தம்பி, நாற்பது வருஷம் ஊதியிருக்கேன். என்னாலயே முடியல, உங்களால எப்படி முடியும்?" என்றார். ஐந்து மாதம் என்னையே குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. போன பணத்தைவிட, அந்த ஐந்து மாதம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.

பித்தளை உடல், நாணல் நாக்கு

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்று சற்றுப் பார்க்க வேண்டும். சாக்ஸபோனை உருவாக்கியவர் அடால்ஃப் சாக்ஸ். 1814ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் தினான் நகரில் பிறந்தவர். பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, 1846ஆம் ஆண்டு இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உடல் முழுவதும் பித்தளை. ஆனாலும் இசையுலகம் இதை டிரம்பெட்டோடு சேர்ப்பதில்லை; கிளாரினெட், புல்லாங்குழல் ஆகியவற்றின் குடும்பமாகிய மரக்காற்றுக் கருவிகளோடுதான் சேர்க்கிறது. காரணம், ஒலி பிறக்கும் இடம். மௌத்பீஸ் எனப்படும் வாய்ப்பகுதியில் கட்டப்பட்ட ரீட் என்னும் நாணல் தகடு மூச்சுக் காற்றில் அதிர்கிறது. அந்த அதிர்வே குழாய்க்குள் ஒலியாகிறது.

நமக்கு இது புதிய செய்தியன்று. நாகஸ்வரத்தின் சீவாளியும் நாணல் வகையிலிருந்துதான் செய்யப்படுகிறது. அதில் இரு நாக்குகள் ஒன்றையொன்று தொட்டு அதிர்கின்றன. இதில் ஒரு நாக்கு, எதிரே கெட்டியான மௌத்பீஸ். இரண்டுமே வாய்ப்புறம் ஒடுங்கி அடிப்புறம் விரியும் கூம்புக் குழாய்கள். கூம்பாக இருப்பதால் ஒரு நன்மை உண்டு. ஒரு ஸ்தாயியில் பழகிய விரல் முறையே அடுத்த ஸ்தாயிக்கும் பெரும்பாலும் பொருந்தும். இடது கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்தினால் போதும். கிளாரினெட்டில் அப்படியில்லை. அங்கே மேலே போனால் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். விரல் கணக்கை மறுபடி படிக்க வேண்டும். வயது வந்த பிறகு இசை கற்க வருபவர்களுக்குச் சாக்ஸபோன் இணக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். நாகஸ்வரத்தின் துளைகளை விரலே நேரடியாக மூடுகிறது. சாக்ஸபோனில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள். சில துளைகள் தேநீர்க் குவளையின் வாயளவு அகலம். எந்த விரலும் அவற்றை மூடாது. ஆகவே ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி, அதனுள் தோல் போர்த்திய மெத்தை, அதை இயக்க நீண்ட தண்டுகள், நெம்புகோல்கள், ஊசி போன்ற வில்கள். இங்கே நாம் ஒன்றை அழுத்தினால் ஒரு முழம் தள்ளி வேறொன்று மூடிக்கொள்ளும்.

மிகக் கீழான பி ஃபிளாட் சுரம் ஒலிக்க வேண்டுமானால், உச்சியிலிருந்து அடிவரை எல்லாத் துளைகளும் ஒரே நேரத்தில் இறுக மூடியிருக்க வேண்டும். ஒரு தாளின் கனத்துக்கு இடைவெளி இருந்தாலும் காற்று அங்கே கசியும். மேலே ஒரு மூடி கசிந்தால், அதற்குக் கீழே உள்ள அத்தனை சுரங்களும் கெடும். எனவேதான் மட்டமான கருவியில் மேல் சுரம் வருகிறது, கீழ்ச் சுரம் வருவதில்லை. புதிதாகக் கற்பவருக்கு இது தெரியாது. அனுபவசாலி அழுத்தி ஊதியாவது சமாளிப்பார். புதியவருக்குச் சமாளிக்கவும் தெரியாது. நல்ல கருவி அதிகமாகத் தேவைப்படுவது தொடக்கநிலை மாணவருக்கே என்று நான் சொல்வது இதனால்தான். 'கத்துக்கத்தானே, எதுவா இருந்தா என்ன' என்பது இக்கருவியைப் பொறுத்தவரை தலைகீழான யோசனை.

மலிவு விலைக் கருவியை வாங்கிப் பழுதுபார்த்துக் கொள்ளலாமே என்று தோன்றும். நானும் முயன்றேன். தண்டுகளின் உலோகம் மிருதுவாக இருந்ததால், சரிசெய்த மூடி இரண்டே வாரத்தில் மீண்டும் வளைந்துவிட்டது. பழுதுபார்ப்பவர் மறுமுறை கருவியைக் கையில் வாங்கவே மறுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான்கில் எது?

சாக்ஸபோன் என்பது ஒரு கருவியன்று, ஒரு குடும்பம். வழக்கத்தில் இருப்பவை நான்கு: சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிடோன். பாரிடோனை விட்டுவிடலாம், விலையும் எடையும் மாணவருக்கு ஆகாது. சொப்ரானோ நேராக, கிளாரினெட்டைப்போல் தோற்றமளிக்கும். கென்னி ஜியின் இசையைக் கேட்டு அதில் மயங்கியவர்கள் ஏராளம். சிறியது, ஆகவே எளிது என்று எண்ணிவிட வேண்டாம். சொப்ரானோவில் உதட்டின் பிடி ஒரு மயிரிழை தளர்ந்தாலும் சுருதி விலகும். முதல் கருவியாக அதை எந்த ஆசிரியரும் விரும்பிப் பரிந்துரைத்து நான் கேட்டதில்லை.

எஞ்சியவை ஆல்ட்டோவும் டெனரும். ஆல்ட்டோ ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. டெனர் அதைவிட ஒரு கிலோ போலக் கூடுதல். கழுத்துப் பட்டையில் ஒரு மணி நேரம் தொங்கும்போது அந்த ஒரு கிலோவின் பாரம் தெரியும். டெனரின் குரல் ஆண்மையானது, கனமானது. ஜாஸ் பிரியர்கள் அதைத்தான் நாடுவார்கள். அந்த ஒலியைக் கேட்டுத்தான் உங்களுக்கு ஆசையே பிறந்தது என்றால் தாராளமாக டெனரில் தொடங்கலாம், தவறில்லை. அப்படித் தனி ஆசை எதுவும் இல்லாதவர்களுக்கு ஆல்ட்டோ. விலை குறைவு, விரல்களுக்கு எட்டும், இரண்டாம் கைக் கருவிகள் எளிதில் கிடைக்கும், பாடநூல்களும் அதற்கே அதிகம்.

நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கர்நாடக இசையில் சாக்ஸபோனுக்கு இடம் பெற்றுத் தந்த கத்ரி கோபால்நாத் வாசித்தது ஆல்ட்டோவில்தான். 1949இல் கர்நாடகத்தின் தென் கன்னடப் பகுதியில் பிறந்தவர். தந்தையார் நாகஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு, அதன்மேல் ஆசை கொண்டு கற்றவர். பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1994இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'டூயட்' படத்தில், ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் பிரபு வாசிப்பதாக வரும் சாக்ஸபோன் இவருடையதே. 2004இல் பத்மஸ்ரீ பெற்று, 2019இல் மறைந்தார். இந்த வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் 'டூயட்' ஒலிநாடா இல்லாத வீடு அந்நாளில் குறைவு. இக்கட்டுரையைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் பாதிப்பேருக்குச் சாக்ஸபோன் ஆசை முளைத்தது அங்கேதான் என்று துணிந்து சொல்வேன்.

கட்டைக் கணக்கு

கடைக்குப் போவதற்குமுன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. இதைச் சொல்லித் தர எனக்கு ஆள் இல்லாததால் நான் முதல் ஒத்திகையிலேயே அவமானப்பட்டேன்.

சாக்ஸபோனில் எழுதப்பட்ட சுரம் வேறு, வெளியே கேட்கும் சுரம் வேறு. ஆல்ட்டோவில் 'சி'க்கு உரிய விரல்களை வைத்து ஊதினால், பியானோவில் ஈ ஃபிளாட்டாகக் கேட்கும். டெனரிலும் சொப்ரானோவிலும் அதே விரல்கள் பி ஃபிளாட்டைத் தரும். ஆகவே கீபோர்டு வாசிக்கும் நண்பர் "சி மேஜர்ல போவோம்" என்று சொன்னால், ஆல்ட்டோக்காரர் ஏ மேஜரில் வாசிக்க வேண்டும். டெனர்க்காரர் டி மேஜரில். இதை அறியாமல் நானும் 'சி'யில் தொடங்க, பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மிருதங்க நண்பர் மட்டும் சிரிக்காமல் தொடர்ந்து வாசித்தார். அவருக்கு மட்டும் பாதிப்பில்லை போலும்.

இதையே நம் கட்டையில் சொன்னால் விளங்கும். ஒரு கட்டை என்பது 'சி'. ஆண் குரலுக்குப் பொதுவாக ஒரு கட்டை ஒட்டியே சுருதி வைப்பார்கள். ஆல்ட்டோவில் ஒரு கட்டைச் சட்ஜம் 'ஏ' விரலில் வரும். அங்கே சட்ஜத்தை வைத்தால் கீழே மந்திர ரிஷபம் வரையும், மேலே தார பஞ்சமம் வரையும் தாராளமாகக் கிடைக்கும். பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்றால் சட்ஜம் 'ஈ' விரலுக்குப் போகும்; அரைக்கட்டை விசைகள் கூடும் என்பதால் தொடக்கத்தில் சற்றுத் தடுமாற்றம்தான்.

ஆல்ட்டோவின் மிக எளிய விரல் வரிசை, முதல் வாரத்திலேயே கற்கும் 'சி' வரிசை, எந்தக் கட்டையில் விழுகிறது தெரியுமா? ஈ ஃபிளாட், அதாவது இரண்டரைக் கட்டை. நம் கோயில்களில் கேட்கும் பாரி நாகஸ்வரங்கள் இரண்டு, இரண்டரைக் கட்டை சுருதியில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. மின்சுருதிப் பெட்டியை இரண்டரைக் கட்டையில் வைத்துக்கொண்டு, 'சி'யிலிருந்து 'சி' வரை ஏறி இறங்கினால் அதுவே சங்கராபரணம். முதல் மாதத்துப் பயிற்சிக்கு இதைவிடச் சுகமானது எனக்குத் தெரியவில்லை. ஆனால், இந்தச் சட்ஜத்துக்குக் கீழே இரண்டு நிஷாதங்கள் மட்டுமே உண்டு. மந்திர ஸ்தாயியில் உலவ முடியாது. ஆகவே ஆறு மாதத்துக்குப் பிறகு எப்படியும் 'ஏ'க்கோ 'ஜி'க்கோ சட்ஜத்தை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

வாங்குவதா, இரவலா?

உடனே வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சிங்கப்பூரில் பள்ளி வாத்தியக் குழுக்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக வாத்தியக் குழுவில் இருந்தவர்கள் நம்மிடையே பலர். கருவி பள்ளிக்குச் சொந்தம். படிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவரை முதலில் தேடிப் பிடியுங்கள். அவருக்கு விரல் பழக்கம் மறந்திருக்கலாம், காது மறந்திருக்காது. பல்கலைக்கழக வாத்தியக் குழு புதியவர்களைச் சேர்க்கிறதா, கருவி தருகிறதா என்றும் விசாரியுங்கள். வாடகைக்குக் கொடுக்கும் கடைகளும் உண்டு. மூன்று மாதம் வாடகைக்கு எடுத்து ஊதிப் பார்த்தால், ஆசை நிலையானதா என்று தெரிந்துவிடும். அந்த வாடகையை வீண்செலவு என்று நினைக்காதீர்கள்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், என் கருத்து இது: பெயர் தெரியாத புதுக் கருவியைவிட, பெயர் தெரிந்த பழைய கருவி மேல். யமாஹாவின் மாணவர் வகைகள் உலகெங்கும் பள்ளிகளில் புழங்குபவை. ஆல்ட்டோவில் 23, 275, 280 என்று முடியும் எண்களைப் பார்க்கலாம், 280 பிந்தையது. தைவானின் ஜூப்பிட்டரும் நம்பத்தக்கது. தைவானில் தைச்சுங்கைச் சேர்ந்த ஹௌலி என்னும் ஊரே சாக்ஸபோன் செய்வதற்குப் பெயர்பெற்றது. சீனக் கருவிகள் அனைத்தும் மோசம் என்று சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு, அது சரியன்று. அங்கேயும் ஒழுங்கான தொழிற்சாலைகள் இருக்கின்றன. செய்தவர் யார், பழுதானால் யார் பொறுப்பு என்று சொல்ல ஆளில்லாத கருவியைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

பெயர் பெற்ற கருவிக்கு மறுவிற்பனை மதிப்பும் உண்டு. ஈராண்டு ஊதிவிட்டு விற்றாலும் போட்ட பணத்தில் கணிசமான பங்கு திரும்பும். என்னுடைய முதல் கருவி இப்போது தம்பியின் அறையில் விளக்குத் தண்டாக நிற்கிறது.

மறுகோடியில் இன்னொரு மயக்கமும் காத்திருக்கிறது. இணையத்தில் சற்றுப் படித்தவர்கள் உடனே, "செல்மர் மார்க் சிக்ஸ்தான் உலகத்திலேயே சிறந்ததாமே?" என்பார்கள். 1954இல் வெளிவந்த பிரெஞ்சுக் கருவி அது; பெரும் கலைஞர்கள் வாசித்தது உண்மை. இன்று கிடைப்பவை பெரும்பாலும் அரை நூற்றாண்டைத் தாண்டியவை, விலை மாணவருக்கு எட்டாதது. முதல் கருவிக்கு அந்தப் பேச்சே வேண்டாம். நிறத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். கறுப்பு, வெள்ளி, பழங்காலப் பித்தளை என்று பல மெருகுகள் வருகின்றன. தொடக்கநிலை மாணவரின் காதுக்கு அவற்றால் ஒரு வேறுபாடும் தெரியாது.

கடையில் அரை மணி நேரம்

பிராஸ் பாசா பக்கம் கடைகளுக்குப் போனாலும் சரி, இரண்டாம் கைக் கருவிக்காக யார் வீட்டுக்குப் போனாலும் சரி, தனியாகப் போகாதீர்கள். ஊதத் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. அவர் ஊதும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது பாட்டை அன்று. கீழ்ச் சுரங்களை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். உரக்க ஊதினால் கசிவு மறைந்துவிடும். மெதுவாக ஊதும்போதுதான் வெளிப்படும். கீழ் 'டி'யிலிருந்து பி ஃபிளாட் வரை பூனை நடப்பதுபோல் இறங்க வேண்டும். கடைக்காரர் மறுக்காவிட்டால் விளக்குச் சோதனையும் செய்து பார்க்கலாம்.

அடுத்து, கருவியை மார்பில் அணைத்தபடி மூடிகளை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். தண்டோடு சேர்ந்து பக்கவாட்டில் கடகடவென்று ஆடினால் தேய்ந்த கருவி. வளைந்த கழுத்துக் குழாயைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் நசுங்கியோ முட்டை வடிவாகவோ இருந்தால், யாரோ அதைப் பிடித்து இழுத்து வளைத்திருக்கிறார்கள். உடலில் சிறு பள்ளம் இருந்தால் பரவாயில்லை, பேரம் பேச உதவும். கழுத்தில் பள்ளம் இருந்தால் வேண்டாம். கழுத்து உடலில் பொருந்தும் இடம், திருகை இறுக்கிய பின் அசையக்கூடாது.

மெத்தைகளின் தோல் கறுத்து, விறைத்து, ஓரம் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றிரண்டை மாற்றுவது சிறு செலவு. மொத்தமும் மாற்ற வேண்டியிருந்தால் அது மாணவர் கருவியின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்; 'நல்ல விலைக்குக் கிடைத்தது' என்ற மகிழ்ச்சி பழுதுபார்க்கும் கடையில் கரைந்துபோகும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியிலும் ஊதச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சாக்ஸபோனும் நூற்றுக்கு நூறு சுருதி சேராது. சற்று முன்பின் இருக்கும். ஆனால் ஒரே ஆள், ஒரே மூச்சில் ஊதியும் கால் கட்டைக்கு மேல் விலகினால் கருவியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வாயில் வைப்பது

கருவிக்கு இவ்வளவு யோசிப்பவர்கள் மௌத்பீஸையும் ரீடையும் மறந்துவிடுவார்கள். உண்மையில் ஒலியை அதிகம் தீர்மானிப்பவை இவையே. யமாஹாவோடு வரும் 4சி மௌத்பீஸ் தொடக்கத்துக்குப் போதும். வாய் இடைவெளி அகலமான ஜாஸ் மௌத்பீஸ்களை முதல் ஆண்டில் தொட வேண்டாம், கட்டுக்கடங்காது.

ரீட் எண்ணிட்டு வரும். எண் ஏற ஏற விறைப்பு கூடும். இரண்டு அல்லது இரண்டரையில் தொடங்கலாம். 'மூன்று, நான்கு ஊதினால்தான் ஆம்பளை' என்று பேசுபவர்கள் வாத்தியக் குழுவுக்கு ஒருவராவது இருப்பார். கேட்டுச் சிரித்துவிட்டு நகருங்கள். ஒரு பெட்டியில் பத்து ரீட் இருந்தால் அத்தனையும் நன்றாக இருக்காது. அது புல்லிலிருந்து வந்தது, மூங்கிலைப்போல் ஒவ்வொன்றும் ஒருவிதம். நாகஸ்வரக்காரர்கள் தங்கள் கருவியில் சில சீவாளிகளைக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் அதுவே. மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், ஒவ்வொன்றும் நீடிக்கும். ரீட் என்பது தொடர்செலவு என்பதையும் வரவு செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பட்டையில் சில வெள்ளி கூடுதலாகப் போட்டு அகலமானதாக வாங்குங்கள். கருவியோடு வரும் மெல்லிய பட்டை கழுத்தை அறுக்கும்.

நம் வெயிலும் நம் சுவரும்

நம் ஊரின் ஈரப்பதம் இக்கருவிக்கு நண்பனன்று. ஊதி முடித்ததும் துணியைக் குழாய்க்குள் இழுத்துத் துடைக்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டினால், சில வாரங்களில் பூஞ்சை வாடை வரும். ரீடை மௌத்பீஸிலேயே விட்டுவைத்தால் அதிலும் பூஞ்சை பிடிக்கும். அதை மறுபடி வாயில் வைக்கப்போவது நீங்கள். ஜி ஷார்ப் மூடியும் கீழ் சி ஷார்ப் மூடியும் எப்போதும் மூடியே இருப்பவை என்பதால் அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். மெல்லிய தாளை இடையில் வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தால் சரியாகும். ஒத்திகைக்குமுன் தே தாரிக் குடித்துவிட்டு ஊதும் நம் பழக்கம்தான் இதற்கு முக்கியக் காரணம். சர்க்கரை மூச்சோடு உள்ளே போய்ப் பசையாகிறது. தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள்.

அடுத்தது அண்டை வீட்டார். அடுக்குமாடி வீட்டில் சாக்ஸபோன் ஊதுவது எளிதன்று. வாய்க்குள் துணியைத் திணித்தால் சத்தம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பயனில்லை. திறந்திருக்கும் துளைகள் வழியாகவே பெரும்பாலான ஒலி வெளியேறுகிறது; துணியால் கீழ்ச் சுரங்கள் கெடுவதுதான் மிச்சம். துணி அலமாரியைத் திறந்து அதைப் பார்த்து நின்று ஊதினால் ஓரளவு அடங்கும். நான் செய்தது வேறு. மேல்மாடி, கீழ்மாடி, இரண்டு பக்கத்து வீடுகள் என நான்கு கதவையும் தட்டி, முறுக்கு ஒரு பொட்டலம் கொடுத்து, மாலை ஆறு முதல் ஏழு வரை மட்டும் ஊதுவேன், தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள் என்றேன். ஒருவரும் புகார் செய்யவில்லை. கீழ்வீட்டுச் சீனப் பாட்டி மட்டும் ஆறு மாதம் கழித்து, தெரேசா தெங் பாட்டு ஏதாவது வருமா என்று கேட்டார். அதற்காகவே ஒன்று கற்றேன்.

ஆசிரியரைப் பற்றி

கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது முதல் மூன்று மாதம் ஆசிரியரிடம் போங்கள். உதட்டின் பிடியையும் மூச்சையும் காணொளி பார்த்துக் கற்றால், தவறு படிந்த பிறகு அழிப்பது கடினம். கர்நாடக இசைதான் நோக்கம் என்றால் இரண்டு ஆசிரியர்கள் தேவைப்படலாம்: கருவியைச் சொல்லித் தர ஒருவர், இராகத்தைச் சொல்லித் தர ஒருவர். இரண்டாமவர் பாடகராகவோ புல்லாங்குழல்காரராகவோ இருந்தாலும் சரியே. சாக்ஸபோன் விசை வைத்த கருவி. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் படிக்கட்டில் ஏறுவதுபோலத்தான் இயல்பாகப் போகும். கமகத்தின் வளைவை உதடும் தொண்டையும் சேர்ந்து உண்டாக்க வேண்டும். தோடியின் காந்தாரத்தை இதில் அசைக்க முயன்று பார்த்தால் கத்ரி என்ன செய்தார் என்பது விளங்கும். எனக்கு இன்னும் வரவில்லை.

கலை இரவில் கேள்வி கேட்ட அந்த இளையர் முந்நூறு வெள்ளிக் கருவியை வாங்கவில்லை. இரண்டு மாதம் வாடகைக் கருவியில் ஊதினார். பிறகு, வாத்தியக் குழுவில் இருந்த ஒருவரின் பழைய யமாஹா ஆல்ட்டோவை, இன்னும் சிறிது காசு சேர்த்து, தவணையில் வாங்கினார். நானும் உடன் போயிருந்தேன். மெருகு பல இடங்களில் உரிந்திருந்தது. மணிப்பகுதியில் ஒரு பள்ளம். கீழ் பி ஃபிளாட்டை மெதுவாக ஊதிப் பார்த்தேன், வந்தது. அவரிடம் கொடுத்தேன், மூன்றாவது முயற்சியில் அவருக்கும் வந்தது. பெட்டியின் பூட்டு மட்டும் உடைந்திருக்கிறது. துணி உலர்த்தும் கயிற்றால் கட்டி, எம்ஆர்டியில் மடியில் வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வருகிறார்.